வேறு படிப்பு படித்தவர் ஆசிரியர் ஆவது எப்படி? பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். முப்பத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டுத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். அதனாலோ என்னவோ, கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டுவிடுவார்: "அக்கா, நான் இஞ்சினியரிங் முடிச்சிருக்கேன். இனிமே டீச்சர் ஆக முடியுமா?"

முடியும். ஆனால் சாதம் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எஸ்.பி.எம்., அதாவது மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு முடித்த கையோடு போகிறவர்களுக்கு நேர்வழி இருக்கிறது: ஆசிரியர் கல்விக் கழகத்தின் பட்டப்படிப்பு. பி.ஐ.எஸ்.எம்.பி. என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். ஓராண்டு ஆயத்தப் படிப்பு, அதன்பின் நான்காண்டு பட்டப்படிப்பு. குறைந்தது ஐந்து 'ஏ' வேண்டும், வயது இருபதைத் தாண்டியிருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அந்த விண்ணப்பத்தைப் பாருங்கள். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் எந்தப் பள்ளி என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ஏதோ ஒரு டிப்ளோமாவில் சேர்ந்து பணம் கட்டிவிட்டு, முடித்த பிறகுதான் அது எங்கே செல்லும் என்று விசாரிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு தடவை ஏமாந்தேன். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி, வார இறுதி வகுப்பு, 'கல்வியியல் சான்றிதழ்' என்று பளபளப்பான விளம்பரம். பாதிக் கட்டணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்தத் தாளை வைத்துக்கொண்டு அரசுப் பள்ளியில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று. கட்டிய பணமும் திரும்பி வரவில்லை.

அதனால் முதல் கேள்வி, எங்கே கற்பிக்கப் போகிறீர்கள் என்பதுதான். தமிழ்ப்பள்ளி, தேசியப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆகியவற்றில் நிரந்தர ஆசிரியரை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம், அதாவது எஸ்.பி.பி. பள்ளித் தலைமையாசிரியரோ வாரியமோ உங்களை நிரந்தரமாக்க முடியாது. தனியார் பள்ளி, அனைத்துலகப் பள்ளி, பாலர் பள்ளி, டியூஷன் நிலையம் என்றால் வேலைக்கு எடுப்பது அந்த நிறுவனமே. ஆனால் கற்பிக்கும் அனுமதி வாங்கியாக வேண்டும். இந்த இரண்டு உலகமும் கேட்கிற தாள்கள் வேறு வேறு. ஒன்றில் பொன்னாக மதிக்கிற சான்றிதழ் இன்னொன்றில் செல்லாக் காசு.

தமிழ்ப்பள்ளி என்று முடிவு செய்பவர்கள் எண்ணிக்கையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும் பினாங்கில் 28, கோலாலம்பூரில் 15 மட்டுமே. வீட்டுப் பக்கத்துப் பள்ளியில்தான் வேலை வேண்டும் என்று கணக்குப் போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். தேசியப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பதும் ஒரு வழி. குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்யலாம் என்று கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, பெற்றோருக்கே தெரியாது.

சட்டம் என்ன கேட்கிறது

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் (சட்டம் 550) சொல்வது இதுதான்: கல்வி நிலையத்தில் கற்பிப்பவர் பதிவுபெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கற்பிக்கும் அனுமதி வைத்திருக்க வேண்டும். இந்த அனுமதியைத்தான் 'பெர்மிட் மெங்காஜார்' என்கிறோம். பயிற்சித் தகுதி பெற்றவருக்குப் பதிவு. அது இல்லாதவருக்கு அனுமதி. பள்ளிப் பேச்சில் அந்தத் தகுதிக்குப் பெயர் 'இக்திசாஸ்'. "உங்களுக்கு இக்திசாஸ் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், ஆசிரியர் பயிற்சித் தகுதி இருக்கிறதா என்று பொருள். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டு நான் திருதிருவென்று விழித்தேன்.

அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்களின் நகல்கள், படம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, உங்களை வேலைக்கு எடுக்கும் நிலையத்தின் கடிதம் என்று ஒரு கட்டு சேர்த்துவிடும். பினாங்கில் இருப்பவர்கள் மாநிலக் கல்வி இலாகாவையும், தீமோர் லாவுட், பாராட் டாயா, செபராங் பிறையின் வடக்கு, மத்திய, தெற்கு என்று இருக்கும் ஐந்து மாவட்டக் கல்வி அலுவலகங்களில் தங்களுக்கு உரியதையும் அணுக வேண்டும். கோலாலம்பூரில் பங்சார்-பூடு, கெராமாட், செந்தூல் என்று வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அனுமதி குறிப்பிட்ட ஒரு நிலையத்துக்கென்று தரப்படுவது. ஒரு டியூஷன் நிலையத்தில் வாங்கிய அனுமதியை எடுத்துக்கொண்டு இன்னொரு பள்ளியில் போய் நிற்க முடியாது.

இங்கே நம் ஆட்களுக்கே உரிய ஒரு தலைவலியைச் சொல்ல வேண்டும்: பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, எஸ்.பி.எம். சான்றிதழில் வேறு எழுத்து, பட்டச் சான்றிதழில் அப்பா பெயர் சுருங்கி ஓர் எழுத்தாகிவிட்டது. என் அப்பா பெயரில் 'எச்' ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக மூன்று வாரம் அலைந்தேன். எல்லாச் சான்றிதழ்களையும் இன்றே மேசையில் பரப்பி எழுத்துக்கூட்டிப் பாருங்கள். மாறியிருந்தால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் 'சூராட் அக்குவான் சும்பா', அதாவது சத்தியப் பிரமாணக் கடிதம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முதல் நாள் இந்த வேலையைப் பார்க்க முடியாது.

பட்டம் இருக்கிறது, பயிற்சி இல்லை

இந்தக் கட்டுரையைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். கணக்கியல், வேதியியல், கணினி, தமிழியல் என்று ஏதோ ஒரு பட்டம். அதன்மேல் கல்வியியல் பட்டமேற்படிப்பு டிப்ளோமா ஒன்று சேர்ந்தால் பயிற்சி பெற்ற ஆசிரியர்.

பெரியவர்கள் இதை 'கே.பி.எல்.ஐ.' என்பார்கள். கொஞ்சம் இளையவர்கள் 'டி.பி.எல்.ஐ.' என்பார்கள். ஆசிரியர் கல்விக் கழகம் நடத்துவதற்கு இப்போது 'பி.டி.பி.பி.' என்று பெயர். பெயர் மாறிக்கொண்டே இருப்பதால் மாமா சொன்ன பெயரை வைத்துத் தேடினால் பழைய விளம்பரம்தான் கிடைக்கும். அமைச்சு நடத்தும் படிப்புக்கு ஆண்டுதோறும் எல்லாப் பாடத்துக்கும் ஆள் எடுக்க மாட்டார்கள். எந்தப் பாடத்துக்கு ஆள் பற்றாக்குறையோ அதற்குத்தான் விளம்பரம் வரும். வயது வரம்பும் அந்தந்த விளம்பரத்தில் இருக்கும். அதை முதலில் படியுங்கள்.

பல்கலைக்கழகங்களிலும் படிக்கலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து கொமூட்டர் ரயிலிலேயே போய்விடலாம். பட்டர்வொர்த்திலிருந்து போகும் இ.டி.எஸ். ரயிலும் அங்கே நிற்கும். வேலையை விட முடியாதவர்களுக்கு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கற்பித்தலில் பட்டமேற்படிப்பு டிப்ளோமா வைத்திருக்கிறது. நான் ஆறு நாள் பள்ளி வேலையும் ஞாயிறு படிப்புமாக ஓட்டினேன். கணவரும் மாமியாரும் இல்லையென்றால் ஓடியிருக்காது.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமையின் தகுதிப் பதிவேட்டில் இந்தப் படிப்பு இருக்கிறதா? இதை வைத்து எஸ்.பி.பி.க்கு விண்ணப்பிக்கலாமா? என் முதல் பட்டத்தின் பாடம், நான் எடுக்கப்போகும் 'ஆப்ஷனுக்கு', அதாவது கற்பிக்கப் பயிற்சி பெறும் பாடத்துக்குப் பொருந்துமா? மூன்றாவது கேள்வியில்தான் பலர் இடறுகிறார்கள். வணிக நிர்வாகப் பட்டம் வைத்துக்கொண்டு தமிழ் ஆப்ஷன் கேட்டால், உங்களுக்குத் தமிழ் எவ்வளவு வந்தாலும் அங்கே சிக்கல்தான். இந்தியாவில் பட்டம் படித்து வந்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று: அரசு வேலைக்கு எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் நடக்காது. முனைவர் பட்டமே வைத்திருந்தாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கிரெடிட் இல்லாதவர்கள் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, என்னோடு தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

பட்டமே இல்லாதவர்கள்

எஸ்.பி.எம். சரியாக வரவில்லை, வேலைக்குப் போய்விட்டோம், ஆனால் பத்து வருடமாக டியூஷன் எடுக்கிறோம் அல்லது பாலர் பள்ளியில் இருக்கிறோம் என்பவர்கள் நம்மிடையே ஏராளம், அதிலும் பெண்கள். அவர்களுக்கு 'அப்பேல்' என்ற வழி இருக்கிறது. வேலை அனுபவத்தைக் கல்வித் தகுதியாகக் கணக்கிடும் முறை அது. டிப்ளோமாவுக்கு 20 வயது, இளங்கலைக்கு 21, முதுகலைக்கு 30 ஆகியிருக்க வேண்டும்; துறை சார்ந்த அனுபவமும் வேண்டும். தேர்வு ஒன்று எழுத வேண்டும், செய்த வேலைக்குச் சான்றுகளைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும்.

பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாலர் கல்வியில் டிப்ளோமா இருக்க வேண்டும் என்பது இப்போது பொதுவான எதிர்பார்ப்பு. பல தமிழ்ப்பள்ளி வளாகங்களில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நடத்தும் பாலர் வகுப்புகளும் இருக்கின்றன. அங்கே வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா முடித்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் எந்தெந்தத் தேதியிலிருந்து வேலை செய்தார்கள் என்பதற்குச் சங்கத் தலைவரிடம் வருடாவருடம் கடிதம் வாங்கி வைத்திருந்தார்கள். தலைவர் மாறிய பிறகு பழைய கடிதம் கேட்டால் யாரிடம் போவது? இந்த விஷயத்தில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அரசு வேலைதான் இலக்கு என்றால், அப்பேல் வழியில் சேர்வதற்கு முன்பே அந்தப் பட்டம் அங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தற்காலிக ஆசிரியராகப் போய்ப் பாருங்கள்

டிப்ளோமாவில் பணத்தைப் போடுவதற்கு முன் முடிந்தால் சில மாதம் வகுப்பறையில் நின்று பாருங்கள். ஆசிரியர் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனாலோ, நீண்ட நாள் மருத்துவ விடுப்பு எடுத்தாலோ அந்த இடத்துக்குத் தற்காலிகமாக ஆள் தேவைப்படும். ஒப்பந்த அடிப்படையிலும் எடுக்கிறார்கள். 2021-இல் 18,702 ஆசிரியர்களைச் சிறப்பு நியமனமாக எடுத்தபோது, பயிற்சித் தகுதி இல்லாத பட்டதாரிகளுக்கும் ஒப்பந்த வழியில் கதவு திறந்தது. அப்படிப்பட்ட வாய்ப்பு எப்போதும் வருவதில்லை. வரும்போது சான்றிதழ்களைத் தேடிக்கொண்டிருந்தால் கைநழுவிப் போகும்.

எனக்குக் கிடைத்தது நான்காம் ஆண்டு வகுப்பு. முதல் நாள் ஒளிச்சேர்க்கையை நான் விளக்கிய விளக்கத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எப்ப ரேஹாட்?" என்று இடைவேளையைப் பற்றிக் கேட்டான். அந்த ஒரு வாரத்தில் தொழிற்சாலையில் ஒரு மாதம் கத்தியதைவிட அதிகமாகக் கத்தினேன். தொண்டை கட்டிப்போனது. மூன்றாவது வாரம் பக்கத்து வகுப்பு ஆசிரியை, "நீ நின்னு அமைதியா பாரு, பிள்ளைங்க தானா அடங்கும்" என்றார். அடங்கினார்கள். இது எந்த டிப்ளோமா பாடத்திலும் இல்லை.

போகிற முதல் நாளே அந்தப் பாடத்தின் டி.எஸ்.கே.பி. ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். எதை, எந்த அளவுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது முழுக்க அதில்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் ஆர்.பி.எச்., அதாவது நாள் பாடத்திட்டம் எழுத வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால் வகுப்பறை மதிப்பீட்டைத் தொடர்ந்து பதிவு செய்வது ஆசிரியரின் பெரிய வேலையாகிவிட்டது. 'தேர்வே இல்லையே, ஆசிரியருக்கு என்ன வேலை' என்று கேட்கும் உறவினர்களை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்துவர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

விடைபெறும் நாளில் தலைமையாசிரியரிடம் சான்றுக் கடிதம் வாங்க மறக்காதீர்கள்.

எஸ்.பி.பி. நேர்காணல்

தகுதி கைக்கு வந்ததும் எஸ்.பி.பி. விளம்பரம் செய்யும்போது இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அழைப்பு வந்தால் நேர்காணல். பேச்சு பெரும்பாலும் மலாய் மொழியில் நடக்கும். தமிழிலேயே வீட்டில் பேசி, ஆங்கிலத்திலேயே அலுவலகத்தில் பேசிப் பழகியவர்களுக்கு இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாடத்தில் கேள்வி குறைவாகத்தான் இருந்தது. தேசியக் கல்வித் தத்துவம், ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு, நடப்புக் கல்விக் கொள்கை, 'கடைசி வரிசை மாணவன் படிக்கவே இல்லை, என்ன செய்வீர்கள்?' என்று இந்த மாதிரி. கல்வித் தத்துவத்தைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பிக்காமல், அதில் வரும் 'உடல், உணர்வு, ஆன்மா, அறிவு' நான்கையும் வகுப்பில் எப்படிச் செய்வீர்கள் என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்லத் தயாராகப் போங்கள். தற்காலிக ஆசிரியர் அனுபவம் அங்கே கைகொடுக்கும். நான் அந்த 'ரேஹாட்' பையனின் கதையைத்தான் சொன்னேன். நேர்காணல் செய்த மூவரில் ஒருவர் சிரித்துவிட்டார்.

நியமனம் கிடைத்தால் 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறைப்படி டி.ஜி.9 நிலை. முன்பு டி.ஜி.41 என்று சொன்னது அதைத்தான்.

எங்கே அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. தமிழ்ப்பள்ளிகள் தீபகற்பத்தில் மட்டுமே இருப்பதால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைச் சபா, சரவாக்கிற்கு அனுப்பும் வாய்ப்பு குறைவு. இடைநிலைப்பள்ளி அறிவியல், கணித ஆசிரியர்கள் விமானம் ஏறத் தயாராக இருங்கள். என்னை ஜொகூரில் ஒரு தோட்டப்பள்ளிக்குப் போட்டார்கள். மூன்று வருடம் 'இ-ஜி-துக்கார்' முறையில் மாற்றம் கேட்டுக் கேட்டுத்தான் பினாங்கு திரும்பினேன். கைக்குழந்தையோடு இருப்பவர்கள் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அனைத்துலகப் பள்ளியும் வெளிநாட்டு உரிமமும்

ஆங்கிலம் சரளமாக வருகிறவர்கள் இந்தப் பக்கம் போகலாம். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பி.ஜி.சி.இ. என்னும் பட்டமேற்படிப்புக் கல்வியியல் சான்றிதழையோ, கியூ.டி.எஸ். என்னும் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதியையோ எதிர்பார்க்கும். அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் அமெரிக்க உரிமம் கேட்கலாம். அங்கே உரிமம் நாடு முழுமைக்கும் ஒன்றல்ல. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு மாற்றுவழி திறந்த முதல் மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று, 1980-களிலேயே தொடங்கிவிட்டார்கள். இப்போது இணையத்தில் படித்தே உரிமத்துக்குத் தகுதி பெறும் திட்டங்களும் இருக்கின்றன. செலவு டாலரில். ஆனால் இந்த உரிமத்தை எடுத்துக்கொண்டு எஸ்.பி.பி.யிடம் போனால் வேலை நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அனைத்துலகப் பள்ளியிலேயே கூட, முன்னே சொன்ன பதிவோ அனுமதியோ தனியாக வேண்டும்.

தலைமையாசிரியர் ஆக ஆசைப்படுபவர்களுக்கு

வெளித்துறையில் மேலாளராக இருந்தவர் நேராக அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகும் குறுக்குவழி இங்கே இல்லை. வகுப்பறை வழியாகத்தான் போக வேண்டும். பாடக்குழுத் தலைவர், பிறகு துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு ஒன்று: நிர்வாகம், மாணவர் நலன், புறப்பாடம் ஆகிய மூன்றில் எதுவும். அதன்பின் என்.பி.கியூ.இ.எல். என்னும் தலைமைத்துவத் தகுதி. நெகிரி செம்பிலானின் பண்டார் என்ஸ்டெக்கில் தலைமையகம் கொண்ட அமினுடின் பாக்கி கழகம் அதை நடத்துகிறது; வடக்கே ஜித்ராவில் கிளை இருக்கிறது. 1999-இல் என்.பி.கியூ.எச். என்ற பெயரில் தொடங்கியதன் வாரிசு இது. பல்கலைக்கழகத்தில் கல்வி நிர்வாகத்தில் முதுகலை படித்தாலும் நல்லதுதான். ஆனால் அதை இதற்கு ஈடாகக் காட்ட முடியாது. தனியார் பள்ளிகளில் விதி அவ்வளவு இறுக்கம் இல்லை. நிறுவனத்தின் முடிவுக்கு அதிக இடமுண்டு.

பெரிய நகரப் பள்ளியில் இருபது வருடம் இருந்தாலும் கிடைக்காத பொறுப்புகள் சிறிய பள்ளியில் இரண்டே வருடத்தில் தலையில் விழும். நூற்றைம்பது மாணவர்களுக்கு மேல் இல்லாத பள்ளியை 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் அவை நிறைய. ஜொகூர் தோட்டப்பள்ளியில் நாங்கள் ஒன்பது பேர்தான் ஆசிரியர்கள். வந்த புதிதில் நான் பெரிய தோரணையாகத் தலைமையாசிரியரிடம் போய், "சார், எனக்கு நிர்வாகம் கத்துக்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, பாடநூல் கடனுதவி அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார். "மூணு வருஷமா கணக்கு சரியா வரல. எண்ணிட்டு வாங்க."